திருப்பணியிற் பகட்டு

தென்னார்க்காடு என்று முன்னர் வழங்கிய நாடு சைவர்க்குத் தாயகம் போல்வது. நாவரசர் தோன்றிய திருவாமூரும், அவர் சூலை நீங்கப்பெற்ற திருவதிகையும், நம்பியாரூரரை இறைவன் ஓலை காட்டித் தடுத்தாட்கொண்ட திருவெண்ணெய்நல்லூரும் இந்நாட்டில் உள்ளன. அவ்வெண்ணெய்நல்லூரிலேதான் மெய்கண்ட தேவர், பன்னிரண்டு சூத்திரங்களில், நாற்பதே அடிகளில், முப்பொருள் இலக்கணம் முழுமையும் அடக்கிச் சிவஞானபோதம் அருளினார். 1993-ஆம் ஆண்டில் அம்மாவட்டம் இரண்டாகப் பிரிக்கப்பட்டு, விழுப்புரம் அவற்றுள் ஒன்றற்குத் தலைநகராயிற்று. விழுப்புரம், திண்டிவனம் என்னும் ஊர்களைச் சூழ்ந்துள்ள சிவாலயங்கள் பல அண்மைக் காலத்தில் திருப்பணியும் குடமுழுக்கும் கண்டிருக்கின்றன. பூட்டிக் கிடந்த கோயில்கள் திறக்கப்பட்டமையும், ஆலும் அரசும் வேரோடிய விமானங்கள் பழுது நீங்கியமையும் சைவ நன்மக்கள் யாவரும் மகிழ்தற்குரிய செய்திகளே. அம்மகிழ்ச்சிக்கு ஊறு செய்ய யாம் எழுதப் புகுந்தோமல்லோம். ஆயினும் கண்டதைக் கூறாது விடுதல் தொண்டாகாது என்று தோன்றியமையால் இதனை வரைகின்றோம்.

இவ்விரண்டு ஊர்களுக்கும் இடையில், நெடுஞ்சாலையினின்றும் சிறிது விலகிய ஒரு சிற்றூர்ச் சிவாலயத்திற்குச் சில திங்களுக்கு முன்னர்ச் சென்றிருந்தோம். ஊர்ப்பெயர் ஈண்டு வேண்டா. அதனைப் போன்றவை பல உள ஆதலின். வாயிலில் இருபுறமும் பிளெக்ஸ் பதாகைகள் நின்றன. அவற்றில் உபயகாரர் பதின்மர் கைகூப்பி நிற்க, மேல் மூலையில் ஒரு வட்டத்துள் சிறிய அளவில் அம்மையப்பர் வீற்றிருந்தனர். உள்ளே மகாமண்டபத்துத் தூண்களுக்கெல்லாம் எனாமல் வண்ணம் பூசியிருந்தனர். யாளியின் நாவுக்குச் செந்நிறம், பல்லுக்கு வெண்ணிறம், விழிக்குக் கருநிறம். சீறி நின்ற விலங்கு, திருவிழாக் கடையில் விற்கும் பொம்மை போலச் சிரித்தது. துவாரபாலகர் தலைமுதல் அடிவரை பொன்னிறம் பூண்டிருந்தனர். தரையில் டைல்ஸ் என்னும் பளபளப்பு ஓடுகள். வரிசை நிற்பதற்கு எவர்சில்வர்க் குழாய்கள். ஆடவல்லானின் திருவாசிக்குப் பின்னே சுழன்று சுழன்று நிறம் மாறும் மின்விளக்குச் சக்கரம். கருவறை வாயிலின் மேல் ஒரு கணம் சிவந்தும் மறுகணம் பசந்தும் எரியும் பிரணவம். குழல்விளக்கு ஒவ்வொன்றின் மீதும் அதனை அளித்தவர் பெயர், அவர் தந்தையார் பெயர், தொழில், ஊர் ஆகியவை பெரிய எழுத்தில் எழுதப்பட்டிருந்தமையின், விளக்கினின்றும் ஒளி வெளிவருதற்கு எஞ்சிய இடம் சிறிதே.

தீபாராதனை தொடங்கியது. மூலையில் இருந்த மின்சார மேளம் முரசும் மணியும் சேகண்டியும் ஒருங்கே அதிர்ந்தது. அடியார் ஒருவர் தம் பக்கத்தில் நின்றாரிடம் கூறும் சொல்லும் கேளாத அவ்வதிர்ச்சியினிடையே திடீரென மின்சாரம் நின்றுவிட்டது. மேளம் அடித்த கை அந்தரத்தில் நின்றது. சக்கரம் ஓய்ந்தது. பிரணவம் அணைந்தது. சிவாசாரியார் இடக்கையில் ஆட்டிய சிறுமணியின் ஒலி மட்டும் கேட்டது. வலக்கையில் ஏந்திய திருவிளக்கின் சுடர் ஒன்றே எஞ்சியது. அவ்வொளியில், கன்னங்கரிய திருமேனியும், அதன் மீது வழிந்த நீரின் மினுக்கமும், நெற்றியில் இட்ட திருநீறும் தோன்றின. அதுகாறும் யாம் சிவலிங்கத்தைக் கண்டோமில்லை என்பதை அப்பொழுதுதான் உணர்ந்தோம். கூடி நின்றார் சிலர் தம்மையறியாது 'சிவசிவ' என்றனர். இரண்டு நிமிடங்களில் மின்சாரம் மீண்டு வந்தது. மேளமும் விட்ட இடத்தினின்றே தொடங்கிற்று.

வழிபாடு முடிந்தபின் திருப்பணிக் குழுவினர் ஒருவர் எம்மை அன்போடு வரவேற்று, "எல்லாம் எப்படி அமைந்திருக்கிறது, ஐயா?" என்று வினவினார். யாம் விடை கூறத் தயங்கியதைக் கண்டு, "முன்பெல்லாம் ஒரே இருட்டும் கறுப்புமாகக் கிடந்தது, ஐயா. பளிச்சென்று இருந்தால்தான் சனங்கள் வருகிறார்கள்" என்று தாமே விளக்கினார். அவர் நல்லவர், தம் கைப்பொருளும் உழைப்பும் அக்கோயிலுக்கு நல்கியவர். அவரை இகழ எமக்குத் தகுதியில்லை. ஆயின் அவர் சொல் எம்மை விட்டு நீங்கவில்லை. உயர்வென்று கருதி ஒருவர் பொருள் செலவிட்டுச் செய்ததொன்று, காண்பார்க்கு மலிவாகத் தோன்றுவது எதனால்? செய்தவர்க்கு மட்டும் அம்மலிவு புலனாகாமை எதனால்?

முதியோர்க்குப் புதியது எதுவும் பிடியாது என்று இளைஞர் கூறுவர். அதில் உண்மையும் சிறிது உண்டு. சைவம் அலங்காரத்தை வெறுக்கும் நெறி அன்று. ஆகமங்கள் அணியும் ஆடையும் மாலையும் சாந்தும் விதித்துள்ளன. சுதையாலாகிய கோபுரங்களுக்கு வண்ணம் தீட்டுதலும் நெடுநாளைய வழக்கே. ஆதலின் நிறம் குற்றம், ஒளி குற்றம், புதுமை குற்றம் என்று கூறுதல் பொருந்தாது. இதனைத் தெளிதற்கு இவ்வட்டாரத்திலேயே சான்றுகள் உள.

விழுப்புரத்தினின்றும் செஞ்சி செல்லும் வழியில் உள்ளது மண்டகப்பட்டு. அங்கே மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு பாறையைக் குடைந்து பிரமன், ஈசன், திருமால் ஆகிய மூவர்க்கும் கோயில் எடுத்தான். அதன் வடமொழிக் கல்வெட்டு, செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணச்சாந்தும் இன்றியே இக்கோயில் ஆக்கப்பட்டது என்று கூறுகிறது. விசித்திரசித்தன் என்ற தன் விருதுப் பெயரையும் அரசன் அதில் பொறித்துக்கொண்டான். தற்பெருமைக்கு அவனும் விலக்கல்லன். ஆயினும் அவன் எதனைச் சொல்லிப் பெருமை கொண்டான் என்பதை நோக்குக. இட்டவற்றை எண்ணிக் காட்டாது, விட்டவற்றை எண்ணிக் காட்டினான். ஆயிரத்து நானூறு ஆண்டு கழிந்தும் அப்பாறை பாறையாகவே நிற்கிறது. வாயிலின் இருமருங்கும் நிற்கும் காவலர் ஒரு துளி வண்ணமும் இன்றி நம்மைத் தடுத்து நிறுத்துகின்றனர்.

கல்லின் மேல் வண்ணமே ஆகாது போலும் என்று இதனைக் கொண்டு முடிவு செய்வாரைப் பனைமலை மறுக்கும். அங்குள்ள தாளகிரீசுவரர் கோயில் இராசசிம்ம பல்லவன் எடுத்தது. அதன் சிறுகோட்டம் ஒன்றனுள், மெல்லிய சுண்ணப்பூச்சின் மேல் எழுதிய அம்மையின் ஓவியம் இன்னும் ஓரளவு எஞ்சியுள்ளது. ஒரு கால் மடித்து, தலைமேல் குடை நிழற்ற, அண்ணலின் ஆடலை நோக்கி நிற்கும் திருக்கோலம் அது. கல்லை மறைத்துத்தானே அதனை எழுதினான் என்று கேட்பின், ஆம் எனலே விடை. ஆனால் கல்லில் இல்லாத ஒன்றை அவ்வோவியன் அங்கே வருவித்தான். எனாமல் பூசுவோர் செய்வது அஃதன்று. சிற்பி உளியால் மெல்லச் சொல்லி முடித்ததையே இவர்கள் உரத்த குரலில் மீண்டும் கூறுகின்றனர். யாளிக்கு நா உண்டு என்பதைச் சிற்பி காட்டவில்லையா? அதற்குச் செந்நிறம் இட்டவுடன், மயிரிழை போன்ற உளிக்கோடுகள் தூர்ந்து, நா மட்டும் எஞ்சுகிறது, யாளி போய்விடுகிறது. மேலும் சுண்ணம் ஈரத்தை உண்டு உமிழும். எனாமலோ கல்லின் வாயை அடைத்துவிடும். உள்ளே தங்கிய ஈரம் சில ஆண்டுகளில் வண்ணத்தைச் செதில் செதிலாகப் பெயர்க்க, பொன்னாய் நின்ற காவலர் படை நோயுற்றார் போல ஆகின்றனர்.

இராசசிம்மன் பெயர் வந்தமையால் ஒன்று நினைவுக்கு வருகிறது. காஞ்சிக் கைலாசநாதர் கோயிலும் அவன் எடுத்ததே. காடவர் கோமான் கச்சியில் கற்றளி எடுத்துக் குடமுழுக்கிற்கு நாள் குறித்தபோது, இறைவன் கனவில் தோன்றி, அந்நாளில் தாம் திருநின்றவூர்ப் பூசலார் மனத்தில் எடுத்த கோயிலுள் புகவிருத்தலின் வேறு நாள் கொள்க என்று பணித்ததைச் சேக்கிழார் பெருமான் விரித்துரைத்தார். அக்காடவர் கோமான் இவ்விராசசிம்மனே என்பது ஆராய்ச்சியாளர் பலர் கருத்து. இக்கதையைக் கொண்டு கற்கோயில் வீண் என்பார் உளர். அங்ஙனம் பொருள் கொள்ளுதல் பிழை. அரசன் கோயிலை இறைவன் மறுத்தாரல்லர். நாளைத்தான் மாற்றச் சொன்னார். அரசனும் சினவாது, அக்கோயிலைத் தேடிச் சென்று, ஒரு செங்கல்லும் இல்லாத திருப்பணி செய்தவர் அடியில் வீழ்ந்தான். அத்தகையோன் எழுப்பிய மலைக்கோயில் நமது வட்டாரத்தில் நிற்கிறது என்பது எமக்கு எப்பொழுதும் ஒரு மகிழ்ச்சி.

இனி உபயகாரர் பெயரைப் பற்றிக் கூறவேண்டும். பெயர் பொறித்தல் பழைய வழக்கந்தானே, குழல்விளக்கில் எழுதினால் மட்டும் குற்றமோ என்று குழுவினர் கேட்கலாம். நல்ல கேள்வி. திண்டிவனத்தை அடுத்த தாதாபுரத்தில், முதலாம் இராசராசனின் தமக்கையார் குந்தவைப் பிராட்டியார் சிவபெருமானுக்கும் திருமாலுக்கும் அருகதேவர்க்கும் தனித்தனிக் கோயில் எடுத்தார். சிவாலயத்தின் பெயர் இரவிகுலமாணிக்க ஈசுவரம். பிராட்டியார் அளித்த பொன்னும் வெள்ளியும் முத்தும் கல்வெட்டில் கணக்கிடப்பட்டுள்ளன. பெயரும் இருக்கிறது, பொருளும் இருக்கிறது, இரண்டும் மிகுதி. ஆயினும் அது நம்மை உறுத்துவதில்லை. ஏனெனில் அக்கல்வெட்டு ஒரு கணக்கு. இன்ன பொருள், இன்ன நிறை என்று எழுதியதனால், பின்வந்தோர் எவரும் அதனைக் கவர்தற்கு அஞ்சவேண்டும். பெயர் அங்கே பொருளுக்குக் காவலாக நிற்கிறது. எழுதிய இடமும் சுவர். தேடிச் சென்று உற்று நோக்கினார்க்கே அது புலப்படும். குழல்விளக்கின் பெயர் எதற்குக் காவல்? அது தான் தாங்கிய விளக்கின் ஒளியையே மறைக்கிறது. ஓராண்டில் விளக்கு கெட்டால் பெயரும் குப்பையில் விழும். இன்னொன்று: பிராட்டியார் கொடுத்தது தம் செல்வத்துள் சிறந்தது. நாம் கொடுப்பது நம் வீட்டுக் கூடத்திலும் வைக்க நாணும் ஒரு சுழல்விளக்கு.

மின்சார மேளத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டா என்றிருந்தோம். திருவாமாத்தூர் சொல்ல வைக்கிறது. விழுப்புரத்தை ஒட்டியுள்ள இப்பாடல் பெற்ற தலத்தில், அபிராமேசுவரர் கிழக்கு நோக்கவும் முத்தாம்பிகையம்மை மேற்கு நோக்கவும் எதிரெதிர்க் கோயில் கொண்டுள்ளனர். இரட்டைப் புலவர் கலம்பகம் பாடியதும் இத்தலத்தின் மேலதே. வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகள் 1898-இல் இறைவன் அடி சேர்ந்ததும் இவ்வூரிலேயே. இங்குள்ள சோழர் காலத்துக் கல்வெட்டு ஒன்று, திருமுன்னர்த் திருப்பதியம் விண்ணப்பிப்பதற்குக் கண்ணற்றவர் பதினாறு பேரையும், அவர்க்குக் கண்ணாயிருந்து வழிகாட்ட இருவரையும் அமைத்து, அவர்தம் உணவுக்கு நிவந்தம் வைத்ததைக் கூறுகிறது. எண்ணிப் பார்க்குந்தோறும் நெஞ்சு நெகிழ்கிறது. இறைவன் திருமேனியைக் காண இயலாத பதினாறு பேர் தினமும் அவன் முன் நின்று பாடினர். அவர்களை ஊர் உண்பித்தது. அத்திருப்பணியில் பாடலும் இருந்தது, பசி தீர்த்தலும் இருந்தது. ஒரு பொத்தானை அழுத்தியவுடன் அதிரும் இயந்திரம் எவர் பசியைத் தீர்க்கும்? நாகசுரம், தவில் வாசிப்பார்க்கும் ஓதுவார்க்கும் கொடுக்கப் பொருளில்லை என்று கூறும் சில கோயில்களில், பிரணவத்தை எரியவைக்கும் மின்கட்டணத்திற்குப் பொருள் தட்டுப்படுவதில்லை.

கண்ணற்ற அவ்வடியார்களைப் பற்றி நாம் அறிந்தது எங்ஙனம்? கல்லில் எழுத்து நின்றமையால். 1887 முதல் அரசாங்கக் கல்வெட்டுத் துறையினர் ஊர்தோறும் சென்று மைப்படி எடுத்து ஆண்டறிக்கைகளில் வெளியிட்டமையால். அவ்வெழுத்திற்குத்தான் இப்பொழுது பெருங்கேடு வந்திருக்கிறது. பகட்டின் தீங்கு வெறும் கண்ணுறுத்தலோடு நின்றிருப்பின் யாம் இத்துணை எழுதியிரோம். அது நிகழும் வகையைக் கேண்மின். ஒரு குடமுழுக்கில் எனாமல் பூசுகின்றனர். பன்னிரண்டு ஆண்டு கழித்து அடுத்த குடமுழுக்கு வரும்பொழுது அது உரிந்து அருவருப்பாகிறது. அதனை நீக்க எளிய வழி என்று, சாண்ட் பிளாஸ்டிங் என்று ஒப்பந்தக்காரர் வழங்கும் மணல்வீச்சினைக் கையாள்கின்றனர். பெருவிசையோடு பாய்ந்த மணல் வண்ணத்தை மட்டும் அறிந்து நீக்குமோ? கல்லின் மேற்றோலையும் அரித்துச் செல்கிறது. நூற்றாண்டுகளாகக் கையும் எண்ணெயும் காற்றும் பட்டு வழுவழுப்பேறிய கருங்கல் சொரசொரப்பாகி, புதிதாக உடைத்த சல்லியின் வெளிறிய நிறம் பெறுகிறது. சிற்பங்களின் மூக்கும் விரல்நுனியும் மழுங்குகின்றன. ஆழமில்லாத எழுத்துக்கள் மறைகின்றன. பின்னர், கல் வெளிறிவிட்டதே என்று அதன்மேல் வார்னிசு பூசுகின்றனர்! ஒரு பூச்சை நீக்கப் போய்க் கல்லை நீக்கி, கல் போனமையின் மறுபடி ஒரு பூச்சு.

2021-ஆம் ஆண்டு சூன் 7-ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்றம், தொன்மையான கோயில்களைக் காத்தல் குறித்து 75 கட்டளைகள் அடங்கிய தீர்ப்பொன்றை வழங்கியது. நல்லதே. ஆயினும் சிற்றூர்க் கோயிலின் உட்சுவருக்கு எதைப் பூசலாம் என்பதை, நீதிமன்றத்தின் கட்டளைக்கு முன்னர், உபயகாரர் விருப்பமே பெரும்பாலும் முடிவு செய்துவிடுகிறது.

தரையைப் பற்றிச் சுருக்கமாக. இவ்வட்டாரம் கருங்கல் வளம் மிக்கது; குவாரிகள் பல உள. அக்கல்லைப் பெயர்த்துவிட்டு, பெரும்பாலும் குசராத்திலுள்ள மோர்பியில் சுட்டெடுத்த ஓடுகளைக் கொணர்ந்து, சிமெண்டின் மேல் பதிக்கின்றனர். அபிடேக நீர் சிந்தினால் முதியோர் வழுக்கி வீழ்கின்றனர். பிராகாரத்தில் பதித்தாலோ நண்பகலில் அடி வைக்க இயலாது. கீழுள்ள ஈரம் வெளியேற வழியின்றிச் சுவர்வழி ஏறுகிறது. திருவதிகையில் திலகவதியார் நாள்தோறும் திருவலகிட்டுத் திருமெழுக்கிட்டார் என்று படிக்கின்றோம். டைல்சுத் தரையை மெழுக இயலாது. அங்கே செய்தற்கு ஒரு தொண்டு குறைந்துவிட்டது என்பதை ஒருவரும் எண்ணுவதில்லை.

மேலே எழுப்பிய இரண்டு வினாக்களுக்கு வருவோம். மலிவு என்பது விலையில் இல்லை. பொன்னிற எனாமலினும் புளியால் துலக்கிய பித்தளை விளக்கிற்குச் செலவு குறைவு; ஆயினும் விளக்கு அழகாகவும் எனாமல் இழிவாகவும் தோன்றுகின்றன. புளி விளக்கிற்கு ஒன்றும் சேர்ப்பதில்லை. களிம்பை நீக்க, பித்தளை தன் நிறத்தைத் தானே காட்டுகிறது. திந்திரிணி என்னும் புளியின் பெயரால் திண்டிவனம் என்று வழங்கும் ஊரில் இதனை நாம் சொல்லித்தானா அறியவேண்டும்? எனாமலோ கல்லை அதுவல்லாத ஒன்றாகக் காட்ட முயல்கிறது. கல் கல்லாகவும் தோன்றாது, பொன்னாகவும் தோன்றாது, இரண்டும் கெட்டு நிற்கிறது. இது முதல் வினாவிற்கு விடை.

செய்தவர்க்கு அது புலனாகாமைக்குக் காரணம் சித்தாந்தம் கற்றார்க்கு எளிதில் விளங்கும். புறவிருள் பொருள்களை மறைத்தாலும், இருள் என்று தன்னை அறியக் காட்டும். ஆணவ மலமோ பொருளையும் மறைத்துத் தன்னையும் காட்டாது. பழைய கோயில் "இருட்டாகக் கிடந்தது" என்றார் அன்பர். அவ்விருட்டு, இருட்டென்று கண்டுகொள்ளத் தக்கதாய் இருந்தது. அதனுள் ஒரு சுடர் ஏற்றியவுடன் இறைவன் தோன்றினான். இன்றைய வெளிச்சம் இறைவனை மறைத்து, தான் மறைக்கின்றேன் என்பதையும் அறியவொட்டாது நிற்கிறது. மின்சாரம் நின்றாலன்றி அது தெரியாது. கல்லின் மேல் ஏறிய வண்ணம் ஆகந்துகம், இடையில் வந்தது, எளிதில் போக்கலாம். பூசவேண்டும் என்று எழும் வேட்கையோ சகசம். இதனை எழுதுகின்ற எமக்கும் அது உண்டு. சில ஆண்டுகளுக்கு முன்னர் எம் இல்லத்துப் பூசையறையில் நிறம் மாறும் விளக்கொன்றை யாமே வாங்கி மாட்டினோம். இருநாள் அழகாகவே தோன்றிற்று.

குழுவினராகிய அன்பரிடம் இவற்றையெல்லாம் யாம் கூறவில்லை. ஒன்றே கேட்டோம். கருவறையின் தென்புறச் சுவரில் அடிப்பகுதியில் எழுத்துக்கள் தெரிந்தன. வெள்ளை பூசி அதன்மேல் எனாமலும் ஏறியமையால் படிக்க இயலவில்லை. அதனை எவரேனும் மைப்படி எடுத்துள்ளனரா என்றோம். "தெரியவில்லை, ஐயா. வெளிச்சுற்றுக்கு அடுத்த கட்டத் திருப்பணி உண்டு. அப்பொழுது மெஷின் வைத்து எல்லாவற்றையும் சுத்தம் செய்துவிடுவார்கள்" என்றார். மணலை வீசுமுன் ஒரு திங்கள் பொறுக்கும்படியும், கல்வெட்டுத் துறைக்கு ஒரு விண்ணப்பம் எழுதும்படியும் வேண்டி, அதற்கு வேண்டிய வாசகத்தை அங்கேயே இருந்து எழுதிக் கொடுத்தோம். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். தை மாதத்தில் வேலை தொடங்குவதாக அறிவித்துள்ளனர்.

திருச்சிற்றம்பலம்.